காலியிடம் பிறக்கும் நேரம்: புளோரிடாவின் 2014 மூன்றாம் திருத்தம்

2014 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநில வாக்காளர்கள் மூன்று அரசமைப்புத் திருத்தங்கள் மீது வாக்களித்தார்கள். நிலத்தையும் நீரையும் காக்க நிதி ஒதுக்கும் முதல் திருத்தம் 75 சதவீத ஆதரவோடு வென்றது. மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கும் இரண்டாம் திருத்தம் 57 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் 60 சதவீதத்தை எட்டாமல் தோற்றது. நீதிபதிப் பணியிடங்களை ஆளுநர் முன்கூட்டியே நிரப்புவது பற்றிய மூன்றாம் திருத்தத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 48 சதவீதம். சாதாரணப் பெரும்பான்மைகூட வரவில்லை.

அந்த மூன்றாம் திருத்தம்தான் இந்த ஆய்வின் பொருள். ஒரு பணியிடம் எப்போது காலியாகிறது என்ற கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் அலுவலக நடைமுறைபோலத் தெரியும். புளோரிடாவில் அந்தக் கேள்விக்கான விடைதான் ஏழு பேர் கொண்ட உச்ச நீதிமன்றத்தில் மூன்று இருக்கைகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைத் தீர்மானித்தது. திருத்தம் தோற்ற பிறகும் கேள்வி அப்படியே நின்றது; நான்கு ஆண்டுகள் கழித்து நீதிமன்றமே அதற்கு விடை சொல்ல வேண்டிவந்தது.

நடைமுறை எப்படி இயங்குகிறது

அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் ஊர் முதலமைச்சருக்குள்ள நிர்வாக அதிகாரம் அவரிடம் இருக்கிறது. புளோரிடாவில் அவருக்கு நான்காண்டுப் பதவிக்காலம், தொடர்ச்சியாக இரண்டு முறைதான்.

மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கும் நீதிபதிகளை ஆளுநர் நியமிக்கிறார். ஆனால் விரும்பிய யாரையும் நியமித்துவிட முடியாது. ஒன்பது உறுப்பினர் கொண்ட நீதிபதிப் பரிந்துரைக் குழு விண்ணப்பங்களை வாங்கி, நேர்காணல் நடத்தி, மூன்றுக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் பெயர்களை அனுப்பும். அவற்றிலிருந்து ஒருவரை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கான விதி மாநில அரசமைப்பின் ஐந்தாம் அத்தியாயம், 11ஆம் பிரிவில் உள்ளது. கால அளவும் அங்கேயே இருக்கிறது: காலியிடம் ஏற்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் குழு பெயர்களைத் தர வேண்டும், ஆளுநர் விரும்பினால் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம், பட்டியல் கைக்கு வந்த 60 நாட்களுக்குள் அவர் நியமித்தாக வேண்டும். ஆக, அதிகபட்சம் 120 நாட்கள்.

நியமிக்கப்பட்டவர் குறைந்தது ஓராண்டு கழித்து வரும் பொதுத் தேர்தலில் நீடிப்பு வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டும். எதிர்வேட்பாளர் கிடையாது. 'இவர் பதவியில் தொடரலாமா' என்று மட்டும் கேட்கப்படும். ஆம், இல்லை, அவ்வளவுதான். தேறினால் ஆறாண்டுப் பதவிக்காலம்.

பரிந்துரைக் குழுவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2001க்கு முன் அதில் மூன்று பேரை ஆளுநரும், மூன்று பேரை வழக்கறிஞர் சங்கமான புளோரிடா பாரும் நியமித்தார்கள். அந்த ஆறு பேர் சேர்ந்து மீதி மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2001இல் சட்டம் மாறியது. இப்போது ஒன்பது பேரையும் ஆளுநரே நியமிக்கிறார். நான்கு இடங்களுக்கு மட்டும் பாரின் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலையும் அவர் நிராகரித்து வேறு கேட்கலாம். பெயர்களைச் சல்லடை போடும் குழுவின் மீதே ஆளுநரின் பிடி இறுகிவிட்ட பிறகுதான் மூன்றாம் திருத்தம் வந்தது. வாக்காளர்களின் தயக்கத்தை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

முடிச்சு எங்கே விழுந்தது

அப்போதைய விதிப்படி நீதிபதிகளின் ஓய்வு வயது 70. அதற்கு ஒரு விலக்கு இருந்தது: பதவிக்காலத்தில் பாதியைக் கடந்த பிறகு 70 வயது நிறைந்தால், மீதிக் காலத்தை முடித்துவிட்டே போகலாம்.

பார்பரா பாரியெண்டே, ஆர். பிரெட் லூயிஸ், பெகி குவின்ஸ் ஆகிய மூவரும் 2012 நவம்பரில் நீடிப்பு வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தேறியவர்கள். புளோரிடா குடியரசுக் கட்சி அவர்களை வெளிப்படையாக எதிர்த்தும் தேறினார்கள். அவர்களுடைய ஆறாண்டுக் காலம் 2019 ஜனவரியில் முடியும். மூவருக்கும் 70 வயது 2017 டிசம்பருக்கும் 2018 டிசம்பருக்கும் இடையில் நிறைகிறது. பாதிக் காலம் கடந்துவிட்டதால் மூவரும் கடைசி நாள்வரை இருக்கலாம்.

அந்தக் கடைசி நாள் எது? தேர்தலுக்கு அடுத்த ஜனவரியில் முதல் திங்களுக்குப் பின்வரும் முதல் செவ்வாயன்று நீதிபதியின் பதவிக்காலம் முடிகிறது. ஆளுநரின் பதவிக்காலம் தொடங்குவதும் அதே செவ்வாய்தான். 2019இல் அது ஜனவரி 8. மூன்று நீதிபதிகளும் விலகும் அதே நாளில் ஆளுநரும் மாறுகிறார்.

ஆறாண்டுக் காலமும் நான்காண்டுக் காலமும் ஒரே இருக்கையில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படிச் சந்திக்கும். ஆளுநர் மீண்டும் வென்றிருந்தால் சிக்கல் இல்லை. பழையவரும் புதியவரும் ஒருவரே. இரண்டு முறை முடித்து வெளியேறும் ஆண்டில் சந்தித்தால் முடிச்சு விழுகிறது.

இதற்கு முன் ஒருமுறை விழுந்திருக்கிறது. 1999 ஜனவரியில் பென் ஓவர்டன் என்ற நீதிபதியின் இருக்கை காலியாக இருந்தது. ஜனநாயகக் கட்சி ஆளுநர் லாட்டன் சைல்ஸ் வெளியேறுகிறார், குடியரசுக் கட்சியின் ஜெப் புஷ் வருகிறார். யாருக்கு அதிகாரம் என்று வாதாடிக்கொண்டிருக்காமல் இருவரும் பேசி ஒரே பெயரை ஏற்றார்கள். 1998 டிசம்பர் 8 அன்று பெகி குவின்ஸ் அறிவிக்கப்பட்டார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி அவர். நான்கு நாள் கழித்து சைல்ஸ் காலமானார். அந்த உடன்பாடு பண்பானது, ஆனால் விதியாகவில்லை. 20 ஆண்டு கழித்து அதே குவின்ஸின் இருக்கையே மறுபடி அதே கேள்வியை எழுப்பியது.

திருத்தம் என்ன சொன்னது

செனட்டர் டாம் லீ கொண்டுவந்த தீர்மானம் 2014இல் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. அரசமைப்புத் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு அனுப்ப ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும்: 40 பேர் செனட்டில் 24, 120 பேர் கீழவையில் 72. ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. தேர்தலுக்கு முந்தைய பத்தாவது வாரத்தில் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை ஒவ்வொரு கவுண்டியிலும் செய்தித்தாளில் வெளியிட வேண்டும். பிறகு, வாக்களித்தோரில் 60 சதவீதம் ஏற்க வேண்டும். இந்த 60 சதவீத விதியை 2006இல் புளோரிடா மக்கள் ஏற்றபோது அதற்குக் கிடைத்த ஆதரவு 58 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.

திருத்தத்தின் சாரம் இது: ஓய்வு வயதாலோ, நீடிப்பு வாக்கெடுப்புக்குப் பதிவு செய்யாததாலோ காலியாகப்போகும் இருக்கையை ஆளுநர் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். நீடிப்பு வாக்கெடுப்பு உள்ள நீதிமன்றங்களுக்கு, அதாவது உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கும் மட்டும் இது பொருந்தும். விசாரணை நீதிபதிகளை நேரடித் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுப்பதால் அவர்கள் இதில் வரவில்லை.

வாக்குச்சீட்டில் அச்சான சுருக்கத்தின் கடைசி வாக்கியம் கவனிக்கத்தக்கது. நீதிபதியின் பதவிக்காலம் முடியும்வரை, எதிர்பார்க்கப்படும் காலியிடத்தை ஆளுநர் இப்போது நிரப்ப முடியாது என்று அது சொன்னது. சட்டமன்றமே எழுதிய வாக்கியம். இதை வாசித்த வாக்காளர் 'இல்லை' என்று குத்தியதற்கு ஒரே பொருள்தான் உண்டு: இருப்பது அப்படியே இருக்கட்டும். திருத்தம் தோற்ற பிறகு, வெளியேறும் ஆளுநருக்கு அந்த அதிகாரம் ஏற்கெனவே உண்டு என்று வாதிடுவது கடினமாகிவிட்டது.

ஆதரித்தோர் சொன்னதில் வலுவானது

மூன்று இருக்கைகளும் ஒரே நாளில் காலியானால் நீதிமன்றம் முடங்கும் என்பது ஆதரவாளர்களின் அச்சம். அதில் உண்மை இருக்கிறது. புளோரிடா உச்ச நீதிமன்றம் கூடுவதற்கு ஐந்து நீதிபதிகள் வேண்டும்; தீர்ப்புக்கு நால்வர் உடன்பட வேண்டும். ஏழில் மூன்று போனால் மிஞ்சுவது நான்கு. குறைந்தபட்ச எண்ணிக்கையே இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதிகளைத் தற்காலிகமாக அமர்த்தும் அதிகாரம் தலைமை நீதிபதிக்கு இருந்தாலும், 120 நாட்களை அப்படி ஓட்டுவது நல்ல ஏற்பாடு அல்ல. மரண தண்டனை மேல்முறையீடுகள் நேரடியாக வரும் நீதிமன்றம் அது.

ஆகவே, இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் பிழை இல்லை. பிழை தீர்வில் இருந்தது. காலியிடத்தை நிரப்புவதில் இரண்டு வேலைகள் உண்டு. பெயர்களைத் தேடிப் பட்டியல் தயாரிப்பது ஒன்று. அதற்குத்தான் நாட்கள் பிடிக்கும். பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று; அது ஒரு நாள் வேலை, ஆனால் அதிகாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இடைவெளியைக் குறைக்க முதல் வேலையை முன்னுக்கு நகர்த்தினால் போதும். மூன்றாம் திருத்தம் இரண்டையும் சேர்த்து நகர்த்தியது. மக்கள் தேர்ந்தெடுத்த புதிய ஆளுநர் வாசலில் நிற்கும்போது, பழையவர் ஆறாண்டும் அதற்கு மேலும் நீடிக்கக்கூடிய மூன்று நியமனங்களைச் செய்துவிட்டுப் போகும்படி அது கட்டளையிட்டது. அனுமதி அல்ல, கட்டளை; வெளியேறுபவர் விட்டுக்கொடுக்க விரும்பினாலும் வழி இருந்திருக்காது. 1998இன் உடன்பாட்டுக்கும் இடம் இருந்திருக்காது.

சூழலும் உதவவில்லை. 2011இல் கீழவைத் தலைவர் டீன் கேனன் நீதிபதிகளின் எண்ணிக்கையை ஏழிலிருந்து பத்தாக்கி, நீதிமன்றத்தை சிவில், குற்றவியல் என்று இரண்டாகப் பிரிக்க முயன்றார். 2012இல் நீதிபதி நியமனத்துக்குச் செனட்டின் ஒப்புதல் கேட்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்து ஏறத்தாழ 37 சதவீதத்தோடு வீழ்ந்தது. அதே தேர்தலில்தான் மூன்று நீதிபதிகளை அகற்றும் முயற்சியும் தோற்றது. இவற்றுக்குப் பிறகு வந்த மூன்றாம் திருத்தத்தை வெறும் நடைமுறைச் சீர்திருத்தமாகப் பார்க்க வாக்காளர்களிடம் காரணம் இல்லை. பெண் வாக்காளர்களின் உரிமைக்காகத் தொடங்கி இன்று பொதுவான தேர்தல் விழிப்புணர்வு அமைப்பாக உள்ள லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் இதை எதிர்த்தது.

மூன்றாம் திருத்தம் தோற்ற அதே நாளில் குடியரசுக் கட்சியின் ரிக் ஸ்காட் ஒரு சதவீத வித்தியாசத்தில் மீண்டும் ஆளுநரானார். ஸ்காட்டைத் தேர்ந்தெடுத்த மக்களே அவருக்கு இந்தக் கூடுதல் அதிகாரத்தை மறுத்தார்கள்.

தோற்ற பிறகு

2016 இறுதியில் ஜேம்ஸ் பெர்ரி என்ற நீதிபதி ஓய்வுபெற்றார். அவர் விலகும் முன்பே, டிசம்பர் 16 அன்று, ஸ்காட் ஆலன் லாசனை அறிவித்தார். ஆளுநர் பதவிக்காலத்தின் நடுவில் நடந்ததால் யாரும் தடுக்கவில்லை. பட்டியலை முன்கூட்டியே தயாரிப்பது எவ்வளவு இயல்பாக நடக்கும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த நிகழ்வில் ஸ்காட், தன் பதவிக்காலம் முடியும் நாள் காலையில் மேலும் மூவரை நியமிப்பேன் என்றும் சொன்னார். தோற்ற திருத்தம் தரவிருந்த அதிகாரத்தை அது இல்லாமலே பயன்படுத்தப்போவதாகச் சொன்னது போலாயிற்று.

லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸும் காமன் காஸ் அமைப்பும் 2017இல் உச்ச நீதிமன்றத்தில் கோ வாரண்டோ மனு போட்டன. எந்த அதிகாரத்தின் பேரில் இதைச் செய்கிறீர்கள் என்று பதவியில் இருப்பவரைக் கேட்கும் மனு அது. டிசம்பரில் நீதிமன்றம் 6–1 என்று தள்ளுபடி செய்தது. காரணம்: ஆளுநர் இன்னும் எதையும் செய்யவில்லை, செய்வேன் என்று சொன்னதை வைத்து ஆணை போட முடியாது. சட்டப்படி சரி. நடைமுறையில் இதன் விளைவு கடுமையானது: நியமனம் நடந்த பிறகு வந்தால், பதவியேற்ற நீதிபதியையே வெளியேற்றச் சொல்ல வேண்டும்; முன்னால் வந்தால் காலம் கனியவில்லை என்பார்கள். நடுவில் கிடைப்பது சில வாரங்கள்தான்.

அந்த வாரங்கள் 2018 செப்டம்பரில் வந்தன. ஸ்காட் பரிந்துரைக் குழுவை வேலையைத் தொடங்கச் சொல்லி, நவம்பர் 8க்குள் பெயர்களைத் தரும்படி கெடு வைத்தார். தேர்தல் நவம்பர் 6. புதிதாக வருபவரோடு 1998போல் உடன்பாடு காணலாம் என்றும் சொன்னார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆண்ட்ரூ கில்லம் அதை ஏற்கவில்லை. மனு மறுபடி வந்தது. இப்போது ஆளுநரின் செயல் ஒன்று கையில் இருந்தது. அக்டோபர் 15 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது: மூவரும் முன்கூட்டி விலகாமல் ஜனவரி 7க்கும் 8க்கும் இடைப்பட்ட நள்ளிரவுவரை இருந்தால், புதிய ஆளுநர் தன் காலம் தொடங்கியதும் பதவியேற்றால், நியமிக்கும் அதிகாரம் நவம்பரில் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு மட்டுமே. நவம்பர் 8 கெடுவை விதித்ததில் ஸ்காட் அதிகாரம் மீறினார்.

தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு, யார் வெல்வார் என்று தெரியாத நேரத்தில் வந்த ஆணை இது; அதுவே அதன் பலம். நவம்பர் 6 அன்று ரான் டிசாண்டிஸ் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 32,463 வித்தியாசத்தில் வென்றார்.

பிறகு நடந்ததை நாள் கணக்கில் பார்க்க வேண்டும். பரிந்துரைக் குழு ஜனவரிக்கு முன்பே பட்டியலை முடித்துவைத்திருந்தது. டிசாண்டிஸ் ஜனவரி 8 அன்று பதவியேற்றார். 9ஆம் தேதி பார்பரா லகோவாவை நியமித்தார். நீதிமன்றம் கூடத் தேவையான ஐந்து பேர் அன்றே சேர்ந்துவிட்டார்கள். 14ஆம் தேதி ராபர்ட் லக், 22ஆம் தேதி கார்லோஸ் முனீஸ். மூன்று இருக்கைகளும் நிரம்ப இரண்டே வாரம். திருத்தத்தின் ஆதரவாளர்கள் அஞ்சிய நான்கு மாத முடக்கம் வரவில்லை. பட்டியல் முன்கூட்டியே தயாராக, தேர்ந்தெடுப்பது உரிய நாளில் உரியவரிடம் நடந்தது.

வென்றவரும் ஸ்காட்டின் கட்சிக்காரர்தானே, திருத்தம் தோற்றதால் என்ன மாறியது என்று கேட்கலாம். நீதிமன்றத்தின் சாய்வு மாறத்தான் செய்தது. 2020 ஜனவரியில் மரண தண்டனைக்கு ஜூரிகள் ஒருமனதாக இருக்க வேண்டும் என்ற தன் முந்தைய நிலைப்பாட்டிலிருந்து நீதிமன்றம் பின்வாங்கியது. 2024 ஏப்ரலில் கருக்கலைப்புக்கு மாநில அரசமைப்பு தந்த பாதுகாப்பு பற்றிய 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டது. ஆனால் அந்த நியமனங்களுக்கு 2018 தேர்தலின் வாக்கு அடித்தளமாக இருந்தது. அடுத்த தேர்தலில் கேள்வி கேட்கப்படக்கூடிய ஒருவர் செய்தார். கில்லம் வென்றிருந்தாலும் விதி இதேதான்.

உண்மையான இடைவெளி

நீண்ட வெற்றிடம் வேறு வழியில் வந்தது. 2019 இறுதியில் லகோவாவும் லக்கும் ஒன்றிய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 ஜனவரியில் பரிந்துரைக் குழு ஒன்பது பெயர்களைத் தந்தது. 60 நாள் கெடு மார்ச்சில் முடிந்தது. கொரோனா காலம், ஆளுநர் கெடுவைக் கடந்து மே 26 அன்றுதான் ஜான் கூரியலையும் ரெனாத்தா பிரான்சிஸையும் அறிவித்தார்.

பிரான்சிஸுக்குப் புளோரிடா பாரில் பத்தாண்டு உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற தகுதி செப்டம்பர் 24 அன்றுதான் நிறையும். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஜெரால்டின் தாம்சன் வழக்குத் தொடுத்தார். தகுதி நியமன நாளிலேயே இருக்க வேண்டும், பதவியேற்கும் நாளில் வந்தால் போதாது என்றது நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் டிசாண்டிஸ் நியமித்த முனீஸ். மீதிப் பட்டியலிலிருந்து ஒருவரை நியமிக்கும்படி ஆணை வர, செப்டம்பர் 14 அன்று ஜேமி கிராஸ்ஹான்ஸ் நியமிக்கப்பட்டார். ஒன்பது மாதங்களுக்கும் மேல் அந்த இருக்கை காலியாகக் கிடந்தது. (பிரான்சிஸ் தகுதி நிறைந்தபின் 2022இல் முறைப்படி அதே நீதிமன்றத்துக்கு வந்தார்.)

60 நாள் என்று அரசமைப்பு சொல்கிறது. மீறினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டையை 2014 திருத்தம் தொடவே இல்லை. இடைவெளிதான் கவலை என்றால், கெடு தவறினால் நியமிக்கும் அதிகாரம் தலைமை நீதிபதிக்குப் போகும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மிசூரி போன்ற சில மாநிலங்களில் கெடு தவறினால் பரிந்துரைக் குழுவே நியமித்துவிடும்.

ஓய்வு வயது முடிச்சைப் பெருமளவு அவிழ்த்தது 2018இன் ஆறாம் திருத்தம். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் உரிமைகள் என்ற தலைப்பின் கீழ் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் கட்டிவைத்த திருத்தம் அது. நீதிபதிகளின் ஓய்வு வயதை 75ஆக உயர்த்துவதும் அவற்றில் ஒன்று. 61 சதவீதத்துக்கு மேல் பெற்று வென்றது. அதோடு, பாதிக் காலம் கடந்தவர் மீதியை முடிக்கலாம் என்ற விலக்கும் நீங்கியது. 2019 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இந்த விதிப்படி, வயதால் வரும் காலியிடம் நீதிபதியின் 75ஆம் பிறந்தநாளோடு வருகிறது. ஆளுநர் மாறும் செவ்வாயோடு அது மோதுவது அரிது. நீடிப்பு வாக்கெடுப்புக்குப் பதிவு செய்யாமல் விடுபவரின் இருக்கையும், அதில் தோற்பவரின் இருக்கையும் இன்னும் அதே ஜனவரிச் செவ்வாயன்றுதான் காலியாகும். இரண்டு முறை முடித்த ஆளுநர் வெளியேறும் ஆண்டில் அப்படி ஒன்று நேர்ந்தால், எடுத்துப் பார்க்க வேண்டியது 2018 அக்டோபர் 15ஆம் நாள் ஆணையைத்தான்.